சொன்னதை எழுதியவள்

பொறாமையாம், பொறாமை! நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்களுக்கு வேறு சொல் அகப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் தரை துடைத்துப் பிழைக்கிற ஒருத்திக்கு, ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடச் சிந்தாமல் தூக்க முடியாத பெண்பிள்ளை மேல் என்ன பொறாமை வந்துவிடும்? தான் பரீட்சை தேறாதவள், அதனால் அந்தப் பெண்ணும் தேறக்கூடாது என்று, சரியான பதில் தெரிந்தும் தப்பாக எழுதிவைத்தாளாம். அப்படிப்பட்ட வயிற்றெரிச்சல்காரி, அதற்கு முன்னால் எழுதிக்கொடுத்த பிள்ளைகளை எல்லாம் எப்படித் தேறவிட்டாள்? இதைக் கேட்டால் போதும், கொடியில் காய்ந்த துணியை மறுபடி உதறிப் போட்டுவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

எழுதினாள், உண்மை. தப்பாக எழுதினாள், அதுவும் உண்மை. அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமல்தான் இவ்வளவு பேச்சும்.

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லாரும் எழுத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். படிப்பு பிடிக்காமல் விட்டவள் இல்லை அவள். பள்ளி இறுதிப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது அவளுடைய அம்மா படுத்த படுக்கையானாள். வீட்டில் மூத்தது இவள். "அம்மா எந்திரிச்சதும் மறுபடி போகலாம்மா" என்றார் அப்பா. அம்மா எழுந்திருக்கவில்லை. பிறகு தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப் போட்டு, தையல் கூடத்தில் பொத்தான் தைத்து, சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, கடைசியில் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போனாள், வாளியும் துடைக்கிற துணியுமாக.

சேர்ந்த புதிதில் ஒரு பரீட்சை நாள். கண் தெரியாத மாணவன் ஒருவன் தனி அறையில் காத்துக்கொண்டிருந்தான். அவன் சொல்லச் சொல்ல எழுத வேண்டியவர் வரவில்லை. வேறு யாரையாவது உட்காரவைக்கலாம் என்றால் விதி குறுக்கே நின்றது. எழுதுகிறவர் பிள்ளைக்குச் சொந்தமாக இருக்கக்கூடாது. பள்ளியில் படிக்கிறவராக இருக்கக்கூடாது. அந்தப் பரீட்சையைத் தேறியவராக இருக்கவே கூடாது. தேறியவர் உட்கார்ந்தால், பிள்ளை வாயைத் திறக்குமுன் இவரே பதிலை எழுதிவிடுவாராம். தலைமையாசிரியை வராந்தாவில் ஓட்டமும் நடையுமாக வந்து, குனிந்து துடைத்துக்கொண்டிருந்தவள் முன்னால் நின்றார்.

"நீ பரீட்சை பாஸ் பண்ணிருக்கியா?"

வேலையைவிட்டு நிறுத்தத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். "இல்லீங்க மேடம். ஆனா நல்லா சுத்தம் பண்ணுவேன்."

"எழுதத் தெரியுமா?"

"அதெல்லாம் நல்லாத் தெரியும்."

"அப்ப கையக் கழுவிட்டு வா."

அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்களில், எழுதத் தெரிந்தும் தேறாதவள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு அதுவே தகுதியாகப் போயிற்று.

அந்த மாணவன் தேறினான். அடுத்த வருடம் வேறொரு பிள்ளை வந்தது, அதற்கடுத்து இன்னொன்று. திக்கித் திக்கிப் பேசுகிற ஒருவன் இருந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வரியைச் சொல்லி முடிக்க அவன் படுகிற பாட்டில் இவளுக்கு மூச்சு முட்டும். ஆனாலும் அவன் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கமாட்டாள். அவளாகவே ஒரு முறை வைத்திருந்தாள். சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள். எழுதியதைத் திருப்பிப் படித்துக்காட்டுவாள், சரியையும் தப்பையும் ஒரே குரலில், நிலையத்தில் ரயில் வருகிறது என்று அறிவிக்கிற மாதிரி. புருவம்கூட அசையாது. அசைந்தால் பதில் தன்னுடையதாகிவிடும், பிள்ளையுடையதாக இருக்காது என்பது அவள் கணக்கு.

"தப்புன்னு தெரிஞ்சும் எப்படிக்கா எழுத மனசு வருது?" என்று பள்ளிக் காவல்காரர் ஒருமுறை கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு பெயின்ட் அடிக்கிறாரு. கேக்கறவங்க கேக்கற கலரத்தானே அடிக்கிறாரு? கண்ண உறுத்துதுன்னு இவரா மாத்திட்டு வந்தா, அடுத்த நாள் கூப்பிடுவாங்களா?"

இப்படிக் கேட்டுக் கேட்டே அவளுக்கும் பாடம் மனதில் ஏறிப்போயிற்று. நாமும் ஒரு தடவை எழுதிப் பார்த்தால் என்ன என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பாள். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளையின் தாய் வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். தான் தேறிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எழுத முடியாது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத் தலை நரைத்ததுதான் மிச்சம்.

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் உன் கையில ஏறி அந்தக் கரைக்குப் போயிடுதுங்க. நீ மட்டும் வாளியோட இந்தக் கரையிலேயே நில்லு" என்பார் அவள் புருஷன். கோபமாகச் சொல்லமாட்டார். நாள் முழுக்க ஏணியில் நின்றுவிட்டு வருகிறவருக்குக் கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

அவளுக்கும் கை ஓய்ந்துகொண்டிருந்தது. துணி பிழிந்து பிழிந்து கட்டைவிரல் அடியில் ஒரு வலி குடிவந்திருந்தது. சில நேரம் விரல்கள் பேனாவைப் பிடித்தபடியே இறுகிப்போகும், மறுகையால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எழுத விடமாட்டார்கள், சில நாள் துடைக்கவும் விடமாட்டார்கள்.

அப்போதுதான் வாயாடியின் முறை வந்தது.

வாயாடி கீழ்வீட்டுப் பெண். பிறந்ததிலிருந்தே கை இரண்டும் அவள் சொல்பேச்சு கேட்காது. வடக்கே போ என்றால் தெற்கே போகும். நடையும் சற்று ஆட்டம்தான். கைக்கும் காலுக்கும் சேர்த்து வாய் வேலை செய்தது. கடைக்காரன் மீதி கொடுக்கத் தாமதித்தால், "அண்ணே, எனக்குத்தான் கை நடுங்குது, உங்களுக்கு என்ன?" என்பாள். அவளுடைய அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நின்று மடித்ததைப் பிரித்து, பிரித்ததை மடித்து, கால் வீங்கி வீடு வருகிறவள். அவளுக்கு இருந்த ஒரே கனவு மகள் கையில் ஒரு சான்றிதழ். "கைதான் இப்படி ஆச்சு, காகிதமாவது இருக்கட்டும்" என்பாள். எழுத்தக்காவை அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள்.

மற்றப் பாடங்கள் நன்றாகவே போயின. அறிவியல் பரீட்சை அன்று, தனி அறையில் இவர்கள் இரண்டு பேரும், ஜன்னலோரம் கண்காணிப்பாளரும். பரீட்சை பாதி தாண்டியிருக்கும். இதயத்தைப் பற்றிய பெரிய கேள்வி வந்தது. வாயாடி சொல்ல ஆரம்பித்தாள்.

"நுரையீரல்லேருந்து சுத்தமான ரத்தம் இதயத்தோட இடது பக்கத்துக்கு வருது..."

எழுத்தக்கா "இதயத்தின்" என்று எழுதினாள். அந்த இடத்தில் விரல்கள் இறுகிக்கொண்டன. பேனா நின்றுவிட்டது. முழங்கை வரை வலி சுரீர் என்று ஏறியது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் மேசைக்கடியில் மறுகையை இறுக மூடிக்கொண்டாள்.

வாயாடி நின்றுபோன பேனாவைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இல்ல, இல்ல, இருங்க. வலது பக்கம். வலது பக்கத்துக்கு வருதுன்னு எழுதுங்க."

எழுத்தக்காவுக்குத் தெரியும்: முதலில் சொன்னதுதான் சரி. எனக்குக் கை வலித்தது, அதனால் நின்றேன் என்று சொல்லிவிடலாமா? சொன்னால், நீ முதலில் சொன்னதே சரி என்று சொன்னதாக ஆகும். விரல்கள் மெல்லத் தளர்ந்தன. எழுதினாள். அந்த ஒரு சொல்லைத் தொடர்ந்து கீழே வந்த பதில் முழுவதும் தலைகீழாயிற்று, படத்தில் குறித்த பெயர்கள் உட்பட. எழுதி முடித்து, எப்போதும் போல அதே குரலில் திருப்பிப் படித்தாள். அன்றைக்கு அந்தக் குரலைக் கொண்டுவர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

முடிவு வந்தது. அறிவியலில் ஒரு மயிரிழையில் போயிற்று. மறுபரீட்சை எழுத வேண்டும்.

வாயாடியின் அம்மா படியேறி வந்து வாசலில் நின்றாள். "என் பொண்ணு என்ன என்ன சொன்னான்னு கேட்டேன். இதயம் கேள்வியில தப்பா சொல்லிட்டாளாம். நீ எத்தனை பிள்ளைக்கு எழுதினவ? உனக்குத் தெரியாது? ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு மாத்தி எழுத உனக்கு மனசு வரல, இல்ல?"

'அக்கா' போய் 'நீ' வந்ததுதான் எழுத்தக்காவின் காதில் முதலில் விழுந்தது. பேசாமல் நின்றவளைப் பார்த்து, குற்றம் உள்ளவள்தான் பேசமாட்டாள் என்று படிக்கட்டில் நின்றவர்கள் முடிவுகட்டினார்கள். மூலையில் சைக்கிள் கடை வைத்திருந்த பஞ்சர் அண்ணன்தான் எல்லாரையும் விட உரக்கப் பேசினார்.

"எனக்கு மட்டும் அந்த இடம் கெடைச்சிருந்தா, அந்தப் பாப்பாவ முதல் மார்க்கு வாங்க வச்சிருப்பேன். நான் எல்லாம் அந்தக் காலத்துலயே முதல் வகுப்புல பாஸ் பண்ணவன். இவளுக்குப் பொறாமைய்யா!"

அந்தச் சொல்லைத் தெருவில் விதைத்தது அவர்தான். அது எல்லா வீட்டு வாசலிலும் முளைத்தது.

இந்தப் பேச்சு ஓயுமுன்னே பள்ளிக்கூடத்தில் வேறொரு இடி விழுந்தது. புதிதாக வந்த தலைமையாசிரியை துப்புரவு வேலைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். இனி சுத்தம் செய்கிற வேலையை வெளியாட்களிடம் விடப்போகிறார்கள். பள்ளி இறுதிப் பரீட்சை தேறினவர்களை மட்டும் உதவியாளர்களாக வைத்துக்கொள்வார்கள்.

"எழுத்தக்கா, நீங்க இந்தத் தடவை எழுதிடுங்க. அடுத்த வருஷம் வரைக்கும் உங்கள வச்சிருக்கறது என் கையில இல்ல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

பள்ளியில் சேராமல் தனியாக எழுதுகிறவர்களுக்கும் மறுபரீட்சைக்காரர்களுக்கும் ஒரே பரீட்சை. ஒரே காலை, ஒரே நேரம், ஒரே அறிவியல் தாள். எழுத்தக்கா பேரைப் பதிந்துவிட்டு வந்து, அடுப்பைப் பற்றவைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

வாயாடியின் அம்மா வேறு ஆள் தேடினாள். மறுபரீட்சைக்குப் பள்ளி ஆள் தராது, குடும்பமே கொண்டுவர வேண்டும். எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும், தேறாதவராக இருக்க வேண்டும். தெருவில் போய்க் கேட்டால் எல்லாரும் தேறினவர்கள். தேறாதவர் என்று ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லை. எழுத்தக்காவை எத்தனை பேர் பழித்தார்களோ, அத்தனை பேரும் படித்தவர்களாகிவிட்டார்கள்.

எழுத்தக்கா புருஷனிடம் சொன்னாள். "நான் என் பரீட்சைய விட்டுடறேன். அந்தப் பொண்ணுக்கே போய் எழுதறேன். அன்னிக்கு என் கை நின்னதாலதான அவ மாத்திச் சொன்னா?"

அவர் கையிலிருந்த பெயின்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "உன் இஷ்டம். ஆனா வேலையும் போயி, அந்த வீட்டு மனுஷங்களும் பேசாம, நீ என்ன பண்ணப்போறேன்னு எனக்குத் தெரியல" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவள் கீழே இறங்கிப்போனாள். அம்மா கடையிலிருந்து வரவில்லை. வாயாடி நாற்காலியில் உட்கார்ந்து, குழல் போட்ட குவளையில் டீ உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நானே வர்றேம்மா உனக்கு எழுத."

"வேண்டாங்க்கா."

"உங்கம்மா கோவத்த நான் பாத்துக்கறேன்."

"அம்மா கோவம் இல்லக்கா." வாயாடி குழலிலிருந்து வாயை எடுத்தாள். எப்போதும் கடகடவென்று ஓடுகிற வாய் அன்றைக்குத் தயங்கியது. "அன்னிக்கு நான் சரியாத்தான் சொன்னேன். உங்க கை நின்னுச்சு. உடனே மாத்திட்டேன்."

"எனக்கு விரல் பிடிச்சுக்கிச்சும்மா. அதான் நின்னேன்."

"தெரியும். அப்பறமாத் தெரிஞ்சுது, பரீட்சை முடிஞ்சு வெளிய வந்து நீங்க விரல நிமித்தினதப் பாத்து. ஆனா நான் எதுக்குக்கா உங்க கையப் பாக்கணும்?" அவள் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை வராது, அதனால் சிமிட்டிச் சிமிட்டி விழவிட்டாள். "மாதிரிப் பரீட்சையிலேருந்தே பாக்கறேன். நான் சரியா சொன்னா உங்க கை ஓடும். தப்பா சொன்னா ஒரு துளி மெதுவாப் போகும். உங்களுக்கே தெரியாது. மத்தப் பாடத்துல எல்லாம் அப்படித்தான் சில இடத்துல மாத்திக்கிட்டேன்."

எழுத்தக்கா தன் கையைப் பார்த்தாள். புருவத்தைக் கட்டிவைத்தவள், குரலைக் கட்டிவைத்தவள்; அவளுடைய கை மட்டும் இத்தனை காலமும் அவளுக்கே தெரியாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. முதல் மாணவனுக்குக் கண் தெரியாது. திக்குகிறவன் கண்ணை மூடிக்கொள்வான். மற்றவர்கள்? நினைக்க நினைக்க உடம்பெல்லாம் அசதி இறங்கிற்று.

"இனிமே மெதுவாப் போகாம எழுதறேன்" என்றாள், ஈனக் குரலில்.

"நீங்க எழுதினா நான் பாக்காம இருக்கமாட்டேன்கா. எனக்குப் பழகிடுச்சு. எது நான் சொன்னது, எது உங்க கை சொன்னதுன்னு எனக்கே தெரியல. இந்த ஒரு தாளாவது என்னோடதா இருக்கட்டும்."

"அப்ப யாரு எழுதுவா?"

வாயாடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "பஞ்சர் அண்ணன்."

"அவரு முதல் வகுப்புல தேறினவராச்சே?"

"தேறினவங்க யாராவது தேறினேன் தேறினேன்னு தெனமும் சொல்வாங்களாக்கா? அதோட, அவரு கையப் பாத்தாலும் முகத்தப் பாத்தாலும் எது சரின்னு தெரியாது. அவருக்கே தெரியாது."

அந்த வாரக் கடைசியில் வாயாடி தள்ளாடித் தள்ளாடிச் சைக்கிள் கடைக்கே போனாள். கடை முன்னால் நாலு பேர் நிற்கும்போதுதான் கேட்டாள்.

"அண்ணே, நீங்க தேறலதானே?"

பஞ்சர் அண்ணன் கையிலிருந்த டியூப் வாளித் தண்ணீருக்குள் முழுகிப்போனது. "யாரு... யாரு சொன்னா?"

"இந்த இடம் கெடைச்சா முதல் மார்க்கு வாங்க வைப்பேன்னீங்களே. இடம் கெடைச்சிருக்கு. தேறினவர்னா முடியாது. தேறாதவர்னா வாங்க."

அவர் நின்றவர்களைப் பார்த்தார். டியூபைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "கடைசி வருஷம் போகல பாப்பா. கடையப் பாத்துக்க ஆள் இல்ல" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். அத்தனை பேருக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் கடைசி வருடம் போனவர்களோ.

ஒத்திகை எழுத்தக்கா வீட்டில் நடந்தது. எழுதுவது எப்படி என்று காட்ட அவளை விட்டால் ஆள் இல்லை. வாயாடியின் அம்மா வாசல் வரை வந்து மகளை விட்டுவிட்டு, உள்ளே பார்க்காமல் திரும்பிப்போனாள். பஞ்சர் அண்ணன் நகக்கண் கறுப்புத் தெரியாமலிருக்க விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அழுத்தத்தை எதில் அளப்பார்கள் என்று கேள்வி.

"பாஸ்கல்" என்றாள் வாயாடி.

அவர் எழுதிவிட்டுப் படித்தார். "பவுண்டு."

"அண்ணே, நான் சொன்னது பாஸ்கல்!"

"அட போ பாப்பா. காத்து எனக்குத் தெரியாதா? பிறந்ததுலேருந்து டயருக்கு அடிக்கிறேன். பம்புலயே போட்டிருக்கு பவுண்டுன்னு. நீ சின்னப் பொண்ணு, தப்பா சொல்ற, நான் சரிபண்ணேன்."

"புத்தகத்துல பாஸ்கல்தான். உங்க சரிய வச்சு என்னக் கவுத்துட்டீங்க."

"தப்புன்னு தோணுறப்போ கை எப்படிம்மா எழுதும்?" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். மெல்லத் திரும்பி எழுத்தக்காவைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பவுண்டை அடித்துவிட்டு, குனிந்து, பாஸ்கல் என்று எழுதினார். அதன்பிறகு தெருவில் அந்தப் பொறாமைப் பேச்சை யார் எடுத்தாலும், "ஒரு தடவ நீ போய் எழுதிப் பாரு" என்று டியூபைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பாராம். ஆனாலும் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவர் போனபிறகு எழுத்தக்கா தன் தாளை எடுத்து வைப்பாள். கேள்வியைப் படிப்பாள். பதில் நெஞ்சில் நிற்கும். கை அசையாது. யாராவது சொல்ல வேண்டும் என்று பேனா காத்துக்கொண்டிருக்கும். எதிரே வாயாடி உட்கார்ந்திருப்பாள்.

"நீதான் சொல்லேன். ஆரம்பிக்க மட்டும்."

"மாட்டேன்."

"ஒரு சொல்லு."

"என் கையத்தான் பாருங்களேன், ஏதாவது தெரியுதான்னு" என்பாள் வாயாடி. கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். இருவரும் சிரித்துவிடுவார்கள். சிரித்த களைப்பில் எழுத்தக்கா கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்சம் கொஞ்சமாக உதடு அசையும், சத்தம் வராமல். தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். பிறகு பேனா நகரும், ஊர்ந்து ஊர்ந்து, நடுவில் விரலைப் பிடித்துவிட்டபடி. சில நாள் ஒரு பக்கம் எழுதுவதற்குள் மேசை மேல் தலை சாய்ந்துவிடும். புருஷன் விளக்கை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போவார்.

அறிவியல் பரீட்சை அன்று காலை, வெந்நீரில் கையை முக்கி எடுத்து, ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டாள். வாளி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. தேறுவோம் என்ற நம்பிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. கீழே இறங்கியபோது, வாயாடி தயாராக நின்றாள். பக்கத்தில் பஞ்சர் அண்ணன், தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன கைகளோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வியர்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாலும் எழுதுவேன் பாப்பா. பூமி சதுரம்னு சொன்னாலும் எழுதுவேன்."

"நான் ஏன்ணே அப்படிச் சொல்றேன்?"

அவர்களுக்குத் தனி அறை உள்ள பள்ளி ஒரு பக்கம். தனியாக எழுதுகிறவர்களுக்கு இடம் வேறு பக்கம். எழுத்தக்கா ஒன்றும் சொல்லாமல் வாயாடியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வெளிக்கதவை நோக்கி நடந்தாள். கதவில் கை வைத்தபோது பின்னாலிருந்து வாயாடியின் அம்மாவின் குரல் கேட்டது.

"பேனா ரெண்டு எடுத்துக்கிட்டீங்களாக்கா?"

எழுத்தக்கா திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள். தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். உதடுகள் சத்தமில்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டே போயின.